குதி பாட்டு

என் அண்ணன் அமலநாதனைச் சாவு பேண்டுக்காரன் என்றுதான் பாண்டிச்சேரியில் நிறையப் பேருக்குத் தெரியும். சம்பா மாதா கோயிலிலிருந்து உப்பளம் கல்லறை வரைக்கும் சவப்பெட்டிக்கு முன்னால் ஊதிக்கொண்டே நடக்கிற வெள்ளை உடுப்புக்காரர்களில், இடது பக்கம் ஓரமாக, கையில் கிளாரினெட்டும் முகத்தில் உம்மென்ற பார்வையுமாகப் போகிறவன் அவன். செத்தவருக்காகத் துக்கப்படுகிறான் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். அவன் துக்கமெல்லாம் அவனுக்காகத்தான். அந்த உடுப்பைத் தைத்துக் கொடுத்தவள் நான். அந்த முகத்தோடு ஒரே வீட்டில் சோறு தின்றவளும் நான். எனக்குத் தெரியாதா?

கோயில் சபை ஒன்று எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வாத்தியம் வாங்கிக் கொடுத்திருந்தது. சும்மா இல்லை. சபையில் யார் இறந்தாலும் வந்து ஊத வேண்டும், திருநாளில் சப்பரத்துக்கு முன்னால் போக வேண்டும். அண்ணன் பகலில் மில்லில் தறி ஓட்டுவான், சாவு விழுந்தால் லீவு சொல்லிவிட்டு ஓடுவான். இருபத்தைந்து வயதுக்குள் பாதி ஊரை அடக்கம் பண்ணியாகிவிட்டது. முத்தியால்பேட்டையில் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்புள சாவுக்கு ஊதுறவராமே? ராத்திரி வூட்டுக்கு வந்தா குளிச்சிட்டுத்தான வருவாரு?" என்று கேட்டாள். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

அண்ணன் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். உயிரோடு இருக்கிறவர்கள் ஆடுவதற்கு அவன் வாசிக்க வேண்டும். அதுவும் கிளாரினெட் இல்லை, கிட்டார். அதையே பிழைப்பாக வைத்துக்கொண்டு, மில்லையும் சவப்பெட்டியையும் ஒரே நாளில் விட வேண்டும். இதைச் சாப்பாட்டுக்கு முந்தி ஜெபம் சொல்வதுபோல் தினம் சொல்வான்.

வெள்ளைக்காரர்கள் இருந்தவரைக்கும் கடற்கரைப் பக்கத்துக் கிளப்பில் டான்ஸ் நடக்கும். அதற்கு வாசிக்க வேறு ஆள்கள் இருந்தார்கள். எங்களுக்கு மதில் சுவருக்கு வெளியே நின்று கேட்கிற உரிமை மட்டும் உண்டு. ஐம்பத்து நாலில் கொடி மாறி, அவர்கள் கப்பல் ஏற ஆரம்பித்தபோது அண்ணனுக்கு ஒரே குஷி. என்னிடம் ஓடி வந்தான்.

"இனிமே நம்ம ஆளுங்கதான் ஆடுவாங்க, அகஸ்டி. நம்மளத்தான் கூப்புடுவாங்க."

நம்ம ஆள்கள் ஆடத்தான் செய்தார்கள். கிராமபோன் வைத்து ஆடினார்கள்.

அண்ணனோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் சூசை மாமா. இந்தோசீனாவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பிய சொல்தா. பட்டாளத்துக்குப் போய் வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். சைகோனில் வாங்கிய ஒரு அக்கார்டியன் அவரிடம் இருந்தது. கர்னல் போல நிமிர்ந்து உட்கார்ந்துதான் வாசிப்பார். இன்னொருவன் பஞ்சநாதன், நோணாங்குப்பத்து மீன்காரர் வீட்டுப் பிள்ளை. சாவு பேண்டில் பெரிய டிரம் அடிக்க ஆள் கிடைக்காதபோது சபை அவனைக் கூலிக்குப் பிடித்தது. பெரிய மார்க்கெட்டில் மீன்கூடை இறக்கிவிட்டு, கையைக் கழுவாமல் வந்து டிரம் குச்சியைப் பிடிப்பான். குச்சி எப்போதும் வவ்வால் மீன் வாசனை அடிக்கும். ஆனால் அவன் கையில் தாளம் பிசகாது.

பயிற்சி எங்கே தெரியுமா? கோயிலுக்குப் பின்னால், சவ வண்டி நிற்கிற கொட்டகையில். அங்கேதான் மின்சாரம் இருந்தது. அண்ணன் ஒரு பழைய டெலிபோனின் காதுப் பாகத்தைப் பிரித்து, அதிலிருந்த காந்தத்தைக் கிட்டார் கம்பிகளுக்கு அடியில் ஒட்டவைத்து, ஒயரை ஒரு ரேடியோப் பெட்டியில் செருகினான். ரேடியோவைச் சவ வண்டி மேலேயே வைத்தான். கிட்டார் பூனை மாதிரி கத்தியது. ஈரக்கையோடு தொட்டால் தூக்கி அடித்தது. அதுதான் பாண்டிச்சேரியின் முதல் எலெக்ட்ரிக் கிட்டார் என்று அவன் சொல்லிக்கொண்டான். இரண்டாவது ஒன்று இருந்ததாக நானும் கேள்விப்படவில்லை.

ஐம்பத்தேழில், சூசை மாமாவின் மருமகன், அவனும் பட்டாளம்தான், அல்ஜீரியாவிலிருந்து லீவில் வந்தான். மாமனாருக்கு ஒரு ரெக்கார்டு கொண்டுவந்தான். அமெரிக்கப் பாட்டு. கப்பலில் வரும்போது ட்ரங்குப் பெட்டிக்குள் அவன் மனைவிக்கு வாங்கிய இஸ்திரிப் பெட்டி அந்த ரெக்கார்டு மேல் விழுந்திருக்கிறது. உடையவில்லை. ஒரு இடத்தில் நசுங்கின கீறல், அவ்வளவுதான்.

சாவி கொடுக்கும் கிராமபோனில் அதைப் போட்டார்கள். நானும் அங்கே இருந்தேன், பித்தான் தைத்துக்கொண்டு. அந்த மாதிரிச் சத்தத்தை அதற்கு முன்னால் எங்களில் யாரும் கேட்டதில்லை. பாடுகிறவன் என்ன சொல்கிறான் என்று ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் என் கையிலிருந்த ஊசி தானாகத் தாளத்துக்குக் குத்த ஆரம்பித்தது. அண்ணன் சவ வண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது. "இதான்," என்றான். "இதான் அகஸ்டி."

அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டே படித்தார்கள். நோட்டு வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. வார்த்தை புரியாவிட்டாலும் அண்ணன் காதில் விழுந்தபடி பாடுவான். முள்ளை எடுத்து வைப்பது, கேட்பது, வாசிப்பது, மறுபடி எடுத்து வைப்பது. மூன்றாவது அடி முடிகிற இடத்தில் பாடகன் நீளமாக ஒரு "ஓ" இழுப்பான். அந்த "ஓ" பாதியில் இருக்கும்போது "டக்" என்று ஒரு சத்தம் வரும். உடனே அடுத்த அடி வந்து விழும். மூச்சு விட நேரம் இருக்காது. படிக்கட்டில் ஒரு படியைக் காணாமல் கால் வைத்த மாதிரி வயிற்றுக்குள் ஒரு துள்ளு துள்ளும். அமெரிக்காக்காரன் அப்படித்தான் கட்டியிருக்கிறான் என்று மூவரும் முடிவு செய்தார்கள். "கெட்டிக்காரன்யா!" என்று சூசை மாமா பாராட்டக்கூடச் செய்தார். பஞ்சநாதன் அந்த "டக்"கையும் விடவில்லை. டிரம்மின் மர விளிம்பில் குச்சியால் ஒரு போடு போடுவான். ரெக்கார்டில் வருவது மாதிரியே இருக்கும்.

முதன்முதலில் ஒரு சொல்தா வீட்டுக் கல்யாணத்தில் வாசித்தார்கள். அங்கே ஆண் பெண் எல்லாரும் ஆடுவார்கள், அது அவர்கள் வழக்கம். "டக்" வந்ததும் எல்லாருக்கும் கால் தடுமாறியது. நானும் என் சிநேகிதி அந்தோணிமேரியும் கைகோத்து ஆடிக்கொண்டிருந்தோம். தடுமாறுவதற்குப் பதில் குதித்துவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. இரண்டாம் முறை அந்த இடம் வந்தபோது அவள் கையை இறுக்கி, "இப்போ!" என்றேன். இரண்டு பேரும் குதித்தோம். தரையில் கால் பட்டபோது அடுத்த அடியின் முதல் தட்டு சரியாக எங்கள் காலுக்கடியில் இருந்தது. அம்மாடி, என்ன சுகம்! அந்தக் குதியைக் கண்டுபிடித்தது நான்தான். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

அன்றைக்கே எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். எல்லாரையும் விட உசரமாகக் குதித்தவன் கலியபெருமாள். மில்லில் அண்ணனோடு வேலை செய்கிறவன், ஆட்டம் என்றால் அழைக்காமலே வருகிறவன். கொஞ்ச நாளில் பாட்டுக்கே "குதி பாட்டு" என்று பேர் வந்துவிட்டது. கல்யாணம், ஞானஸ்நானம், வருஷப் பிறப்பு, எங்கே போனாலும், "குதி பாட்டு! குதி பாட்டு!" என்று கத்துவார்கள். நூறு பேர் ஒரே நேரத்தில் குதித்தால் கூடத்தில் கண்ணாடிக் கிளாசெல்லாம் கிணுகிணு என்று ஆடும். மெட்ராசில் அப்போது மதுவிலக்கு. அங்கத்துப் பணக்காரர்கள் தொண்டை நனைக்கக் காரெடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவார்கள். அவர்களும் இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் வந்து குதிப்பார்கள்.

சாவு பேண்டுக்காரன் என்ற பேர் மெல்ல அழியும்போலிருந்தது. அண்ணன் வீட்டில் சிரித்துப் பேசிய காலம் அதுதான். அதைக் கெடுத்துக்கொள்ள அவனுக்கு வேறு யாரும் தேவைப்படவில்லை.

அறுபதாம் வருஷம் ரேடியோப் பெட்டியில் ஒரு வால்வு போய்விட்டது. வாங்குவதற்காக மெட்ராசுக்கு ரயிலேறினான். மூர் மார்க்கெட் பக்கம் ஒரு ரெக்கார்டுக் கடையில் நம் பாட்டு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சந்தோஷமாக வாசலில் நின்று கேட்டிருக்கிறான். மூன்றாவது அடி, "ஓ". அண்ணன் குதித்தான். கடையில் யாரும் குதிக்கவில்லை, பாட்டும் குதிக்கவில்லை. "ஓ" நிதானமாக இழுத்து, இரண்டு தட்டு அளவுக்கு நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம்தான் அடுத்த அடி வந்தது. "டக்" என்று ஒன்றுமே இல்லை. கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன சார், காலில் ஏதாவது கடிச்சிட்டுதா?" என்று கேட்டாராம்.

மறுபடி போடச் சொல்லிக் கேட்டிருக்கிறான். மறுபடியும் அதேதான். முள் எங்கள் ரெக்கார்டில் இஸ்திரிப் பெட்டிக் கீறலில் ஏறித் தாண்டி அடுத்த வரியில் விழுந்ததை, மூன்று வருஷமாக நாங்கள் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

வால்வு வாங்காமலே திரும்பி வந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். என்ன ஆச்சு என்று நான் நச்சரித்த பிறகுதான் சொன்னான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"மெட்ராசுக்காரனுங்க எத்தினி பேரு வந்து கேட்டுட்டுப் போயிருக்கான்! அவனுங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும், அகஸ்டி. மனசுக்குள்ள சிரிச்சிருப்பானுங்க. சாவு பேண்டுக்காரனுக்கு வேற இன்னா தெரியும்னு."

"சிரிக்கிறவன் எதுக்கு அண்ணே திரும்பத் திரும்ப வந்து குதிக்கிறான்?"

"நீ சும்மா இரு. ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

எனக்கு ஒன்றும் தெரியாது. சரி.

இது நடந்து கொஞ்ச நாளில், அண்ணன் ஆசைப்பட்டது கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது. மெட்ராசில் ஒரு பெரிய ஓட்டலின் மானேஜர் டிசம்பரில் பாண்டிச்சேரிக்கு வருகிறார், சொல்தாக்கள் சங்கத்தின் வருஷக் கடைசி டான்சில் எங்கள் பேண்டைக் கேட்கப்போகிறார் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். பிடித்துவிட்டால் சீசன் முழுக்க ஓட்டலிலேயே வேலை. தங்க இடம், சாப்பாடு எல்லாம் உண்டு. அந்த அமெரிக்கப் பாட்டை அவசியம் கேட்க வேண்டுமாம். அதையும் சொல்லி அனுப்பியிருந்தார்.

அண்ணனுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. மில்லுக்கு முழுக்கு, சாவுக்கு முழுக்கு என்று ஒரு பக்கம் பூரிப்பு. அவர் முன்னால் போய்த் தப்பாக வாசிப்பதா என்று ஒரு பக்கம் நடுக்கம். கொட்டகையில் மற்ற இருவரையும் கூட்டி, பாட்டைத் திருத்தப்போவதாகச் சொன்னான். நானும் புது உடுப்புக்கு அளவெடுக்க அங்கே போயிருந்தேன்.

பஞ்சநாதனுக்குப் பிடிக்கவில்லை. "எதுக்கு அமலு? ஊரே அதுக்குத்தான ஆடுது? அவரும் அதக் கேட்டுத்தான வர்றாரு?"

"அவரு பாட்டக் கேக்க வர்றாரு. கீறலக் கேக்க வரல."

"நம்ம கைக்கு அதான் பழகியிருக்கு."

"தப்பு எத்தினி வருசம் பழகினாலும் தப்புதான்," என்றார் சூசை மாமா, நிமிர்ந்து. பட்டாளத்தில் ரெகுல்மா என்று ஒன்று உண்டு அல்லவா, சட்டம். அதை மீறியே அவருக்குப் பழக்கமில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "வேலியில போற ஓணானப் புடிச்சு மடியில உட்டுக்காத அண்ணே. ஆடுறவங்க காலுக்கு யாரு போயித் திருத்தம் சொல்லித் தரப்போறா? அவங்க குதிப்பாங்க. அங்க தரை இருக்காது."

"ஆட்டக்காரங்க பாட்டக் கேட்டு ஆடுவாங்க. பாட்டு ஆட்டக்காரங்களக் கேட்டு வாசிக்காது," என்றான் அண்ணன். அந்த வாக்கியத்தை எங்கே பிடித்தானோ. அதைச் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

வால்வை ஆள் விட்டு வரவழைத்துப் போட்டாயிற்று. திருத்துவதுதான் லேசாக இல்லை. "ஓ" வரும், பஞ்சநாதன் கை தானாக விளிம்புக்குப் போகும், அண்ணன் முறைப்பான். சூசை மாமா "ஆன், தே, த்ருவா, காத்ர்" என்று பிரெஞ்சில் சத்தமாக எண்ணிக்கொண்டே காலைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொள்வார். நடுவில் சபைத் தலைவர் வீட்டில் ஒரு சாவு. எல்லாவற்றையும் போட்டுவிட்டு உப்பளத்துக்கு நடந்தார்கள். திரும்பி வந்தால் மறுபடி "டக்" வந்துவிட்டது. டிசம்பர் பாதிக்கு மேல்தான் ஒருவழியாக அந்தத் தப்பு மூன்று பேர் உடம்பிலிருந்தும் போனது. பேயோட்டிவிட்ட மாதிரி அண்ணன் பெருமூச்சு விட்டான்.

டான்ஸ் அன்று சாயங்காலம் சங்கக் கூடம் நிறைந்திருந்தது. மெட்ராஸ்காரர் மேடைக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தார். கோட்டுப் போட்ட, மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். கிளாசை ஒதுக்கி வைத்துவிட்டு மேசை மேல் ஒரு விரலை மட்டும் வைத்திருந்தார். மேடையைக்கூட அவ்வளவாகப் பார்க்கவில்லை. ஆடுகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே எனக்கு ஏதோ செய்தது. ஆனால் நான் யார், தையல்காரிதானே.

சின்னச் சின்னப் பாட்டுகள் முடிந்து, அண்ணன் கிட்டாரை உசத்திப் பிடித்தான். கூடம் முழுக்க, "குதி பாட்டு!" கலியபெருமாள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நடுவுக்கு வந்தான். சூசை மாமா எண்ணினார். பாட்டு ஆரம்பித்தது. உள்ளதைச் சொல்கிறேன், அன்றைக்கு மாதிரி அவர்கள் என்றைக்கும் வாசித்ததில்லை. அண்ணன் குரல் வெண்ணெய் மாதிரி போனது. முதல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி. "ஓ..."

நூறு பேர் குதித்தார்கள்.

பாட்டு குதிக்கவில்லை. ஓட்டலுக்கு ஏற்றபடி, சுத்தமாக, இரண்டு தட்டு நின்றது. கீழே வந்த கால்களுக்கு அடியில் தாளம் இல்லை. பாதிப் பேர் அப்படியே நின்றுவிட்டார்கள். பாதிப் பேர் பழக்கத்தில் முன்னால் போனார்கள். நின்றவர்கள் மேல் போனவர்கள் மோத, ஒரு சொல்தாவின் மனைவி சறுக்க, அவள் புருஷன் பிடிக்கப் போய் அவனும் விழ, சந்தையில் கூடை கவிழ்ந்த மாதிரி ஆள்கள் உருண்டார்கள். அந்தோணிமேரி என் மேலேயே விழுந்தாள். கலியபெருமாள் எல்லாரையும் விட உசரமாகக் குதித்தவன் அல்லவா, எல்லாரையும் விடப் பலமாக விழுந்தான். பெஞ்சு விளிம்பில் வாய் மோதி முன்பல் ஒன்று தெறித்துப்போனது.

மேடையில் மூவரும் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் சரியாக வாசித்து முடித்தார்கள்.

"இன்னாடா வாசிக்கிறீங்க!" என்று கலியபெருமாள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு கத்தினான். ஆளாளுக்குத் திட்டினார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொன்னாளாம் என்பார்கள். அன்றைக்கு ஆடத் தெரிந்தவர்கள்தான் விழுந்தார்கள், கூடமும் நேராகத்தான் இருந்தது. குற்றம் முழுக்கச் சரியாக வாசித்ததில்தான்.

மெட்ராஸ்காரர் எழுந்து மேடைக்கு வந்தார். நான் ரத்தம் துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனதால் எல்லாம் காதில் விழுந்தது.

"பாட்டுல ஒரு குதி இருக்குன்னு சொன்னாங்களே தம்பி. அது எங்க?"

"அது தப்பு சார்," என்றான் அண்ணன். வேர்வை வழிய, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. "ரெக்கார்டுல கீறல் சார். எங்களுக்கு முன்ன தெரியல. இப்ப திருத்திட்டோம்."

அவர் அவனைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. கடையில் நல்ல துணி தேடி வந்து இல்லையென்று சொல்லக் கேட்ட முகம்.

"சரியா வாசிக்கிறதுக்கு மெட்ராசுல எங்கிட்ட நாலு பேண்டு இருக்குதே," என்றார். "அந்தத் தப்பைக் கேக்கத்தானே நான் நூறு மைல் வந்தேன்."

அண்ணன் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். கலியபெருமாள் வாயைவிட அது மோசமாக இருந்தது.

"இப்பவே வாசிக்கிறோம் சார்! ஒரு நிமிசம். மாமா, பழைய மாதிரி. பஞ்சு, டக் போடு. பழைய மாதிரி!"

சூசை மாமா எண்ணினார். மறுபடி பாட்டு. கூடத்தில் யாரும் ஆடவில்லை, சுவரோரம் நின்று பார்த்தார்கள். மூன்றாம் அடி, "ஓ". பஞ்சநாதன் குச்சி விளிம்பில் விழுந்தது, "டக்", அவன் தாண்டிப் போனான். சூசை மாமாவின் கால் இத்தனை நாள் பழகியபடி தரையை அழுத்திக்கொண்டு இரண்டு தட்டு நின்றது. அண்ணன் குரல் இரண்டுக்கும் நடுவில் தொங்கியது. மூன்று பேரும் மூன்று தெருவில் போனார்கள். நிறுத்தி மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை மாமா தாண்டினார், பஞ்சநாதன் பயந்து நின்றுவிட்டான். மூன்றாம் முறையும் "டக்" மட்டும்தான் சரியாக விழுந்தது. எத்தனையோ நாள் பாடுபட்டு ஓட்டிய பேய், கூப்பிட்டபோது வரவில்லை.

மெட்ராஸ்காரர் பொறுமையாக நின்று கேட்டார். ஒவ்வொரு முறை "டக்" வந்தபோதும் அவர் விரல் மேடை விளிம்பில் ஒரு தட்டு தட்டியது.

"பாக்கலாம் தம்பி. சொல்லி அனுப்பறேன்," என்றார். போய்விட்டார்.

எந்தச் சேதியும் வரவில்லை. தெருமுனையில் வெளியூர்க்காரர் யார் தெரிந்தாலும் அண்ணன் எழுந்து நிற்பான். ஒரு வருஷம் அப்படி எழுந்து நின்றான். கொட்டகையில் பழைய குதியை மறுபடி பழகி, ஈஸ்டருக்குள் சரியாகக் கொண்டுவந்துவிட்டார்கள். வந்து என்ன பிரயோசனம்? ஆடுகிறவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. "ஓ" வந்தால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். சிலர் குதிப்பார்கள், சிலர் மாட்டார்கள். பிறகு யாரும் அந்தப் பாட்டைக் கேட்பதே இல்லை. பிறகு பேண்டையே கூப்பிடுவதில்லை. உள்ளதும் போச்சு. பஞ்சநாதன், "கடலு தாளம் மாத்தாது அமலு," என்று சொல்லிவிட்டு வலைக்குப் போய்விட்டான். சூசை மாமா அக்கார்டியனைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அண்ணனுக்குக் கிளாரினெட் இருந்தது. ஊரில் சாவுக்கா பஞ்சம்?

நான் அவனைத் திட்டித் தீர்த்தேன். நான் அப்போதே சொன்னேன் இல்லையா, சொன்னேன் இல்லையா என்று சோறு போடும்போதெல்லாம் கேட்டேன். அவன் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவான். ஒரு நாளாவது எரிந்து விழுந்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

அறுபத்திரண்டு ஆகஸ்டில் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்ததற்கு ஊரெல்லாம் கொண்டாட்டம். கடற்கரை ரோட்டில் மேடை போட்டு, மெட்ராசிலிருந்து பேண்டு வரவழைத்திருந்தார்கள். ஒரு பெரிய ஓட்டல் பேண்டு என்றார்கள். எந்த ஓட்டல் என்று கேட்டேன், அந்த மானேஜருடைய ஓட்டலேதான். போக வேண்டாம் என்றேன். அண்ணன் கேட்கவில்லை. அன்று பிற்பகல் ஒரு அடக்கம் இருந்தது, உப்பளத்திலிருந்து நேராக வந்தான். வெள்ளை உடுப்போடு, கிளாரினெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். கலியபெருமாள் எங்களைப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றுகொண்டான்.

மேடையில் பளபளவென்று ஒரே மாதிரிக் கோட்டில் ஏழெட்டுப் பேர். நிஜமான எலெக்ட்ரிக் கிட்டார், கத்தவில்லை. நாலைந்து பாட்டுக்குப் பிறகு நம் பாட்டு ஆரம்பித்தது. கூட்டம் ஹோவென்று கத்தியது. ஒரு வருஷத்துக்கு மேலாக யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. முதல் அடி, இரண்டாம் அடி. ஜனங்கள் சந்தேகமாக ஆடினார்கள். மூன்றாம் அடி. "ஓ..."

டிரம்காரன் குச்சியைத் திருப்பி, டிரம்மின் மர விளிம்பில் ஒரு போடு போட்டான்.

"டக்!"

கடற்கரை ரோடே குதித்தது. குழந்தை குட்டி, கிழவன் கிழவி, போலீஸ்காரர்கூடக் குதித்தார். என் காலும் என்னைக் கேட்காமல் குதித்தது. கீழே வந்தபோது தரை இருந்த இடத்தில் தாளம் இருந்தது. யாரும் விழவில்லை. ஜனங்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள். அல்ஜீரியாவிலிருந்து வந்த ஒரு ட்ரங்குப் பெட்டியின் சத்தத்தை அந்த மனிதர் ஒற்றை விரலில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். எங்கே தாண்ட வேண்டும் என்பதை விழுந்தவர்களின் கால்களே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தன.

அண்ணன் குதிக்கவில்லை. கிளாரினெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

கலியபெருமாள் மூச்சிரைக்க அவன் தோளில் தட்டினான். சிரித்த வாயில் அந்த முன்பல் சந்து கறுப்பாகத் தெரிந்தது.

"கேட்டியா அமலு? மெட்ராஸ்காரன் மெட்ராஸ்காரன்தான்யா! எப்புடி கரெக்டா வாசிக்கிறான் பாரு! அன்னிக்கி நீங்க தப்பா வாசிச்சு என் பல்ல ஒடச்சீங்களே!"

எனக்குத் தலைக்கு ஏறியது. ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து அழுத்தினான்.

"உடு, அகஸ்டி," என்றான். "இஸ்திரிப் பெட்டி உழுந்த கதைய எவன் நம்புவான்?"